ரொட்டிக்காரருக்கு இரண்டு நிமிட மௌனம்

இதில் ஒரு சொல் பொய்யென்றால் நாளைக் காலை என் தேநீரில் சர்க்கரை கரையாமல் போகட்டும். இதைவிடப் பெரிய சத்தியம் செய்ய இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். கண்ணும் காதும் மூக்கும் வைத்துச் சொல்லவேண்டிய தேவையே வரவில்லை; அவற்றையெல்லாம் ஊரைச் சுற்றிக்காட்டும் நடைத்துறைக்காரர்களே வைத்துத்தான் அனுப்பியிருந்தார்கள்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வளைந்த தெரு. அதில் பத்தொன்பது வருடமாக ரொட்டிக்கடை வைத்திருந்தார் ஒருவர். முன்னால் கண்ணாடி அலமாரி, பின்னால் செங்கல் அடுப்பு, நடுவில் மாவு பிசையும் மேசை. மேசைக்கும் அடுப்புக்கும் இடையில் ஒருவர் நிற்கலாம். இருவர் நின்றால் ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியே போகவேண்டியிருக்கும். பெரும்பாலும் ரொட்டிக்காரர்தான் போவார், ஏனென்றால் இன்னொருவர் அவருடைய மனைவி.

ரொட்டிக்காரர் நல்ல மனிதர். ஒரே ஒரு வியாதி. தப்பாக எதையாவது கேட்டால் வாய் சும்மா இருக்காது. "இது நேத்து ரொட்டிங்க, கொஞ்சம் இறுகியிருக்கும்" என்று சொல்லி நேற்றைய ரொட்டியை விற்கப் பார்த்த ஒரே வியாபாரி அவர்தான். ஒருமுறை வங்கி மேலாளர் தன் பிறந்தநாள் கேக்கில் 'ஐம்பது' என்று எழுதச் சொன்னபோது, "போன வருஷமும் ஐம்பதுதானே சார் எழுதினோம்?" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கையில் கேட்டுவிட்டார். அந்த மேலாளர் அதற்குப் பிறகு கேக் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டதாகக் கேள்வி.

கடையின் உரிமம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் சனிக்கிழமை காலையில் அடுப்புக்குச் சீல். புதன்கிழமை அவர் உரிம அலுவலகத்துக்குப் போனார். கவுன்டரில் இருந்தவர் தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு. நடைச் சான்று எங்க?" என்றார்.

"என்ன நடைங்க?"

"நகரச் சுவை, பானம், கலை நடை. புதுசா ஒரு துறை வந்திருக்கில்ல? உணவுத் தொழில் பண்றவங்க எல்லாரும் நம்ம ஊர்ச் சாப்பாட்டைப் பத்தித் தெரிஞ்சிருக்கணுமாம். வெள்ளிக்கிழமை வழிகாட்டி கூட்டிட்டுப் போவாரு. கடைசியில வாய்மொழித் தேர்வு. பாஸ் பண்ணா சான்று."

"நான் பத்தொன்பது வருஷமா இந்த ஊருக்கு ரொட்டி போடுறேனே."

"அது அனுபவம். அனுபவத்தை நாங்க ஏத்துக்கிறதில்ல."

அன்று இரவு ரொட்டிக்காரரை உட்கார வைத்து மனைவி பாடம் எடுத்தாள். "இங்க பாருங்க. அவங்க வெள்ளைக் காக்கா பறக்குதுன்னா, ஆமா ரெண்டு பறக்குதுன்னு சொல்லுங்க. உங்க வாயைக் கடையிலேயே வெச்சுட்டுப் போங்க. வெள்ளிக்கிழமை ஒரு நாள் அடுப்பை நான் பாத்துக்கிறேன்."

"நான் என்ன பேசிடப் போறேன்?"

"அந்த பேங்க் மேனேஜர் கிட்டக் கேட்டா தெரியும்."

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு நடை, நகரமன்ற வாசலில் தொடங்கியது. பதினோரு பேர். பாதிப் பேர் ரொட்டிக்காரர் மாதிரி சான்றுக்காக வந்தவர்கள். மீதிப் பேர் வெளியூர்க்காரர்கள். நிறையச் சாப்பிடக் கிடைக்கும் என்று நம்பிக் காலையில் பட்டினியாக வந்திருந்தார்கள். கூட்டத்தில் ரொட்டிக்காரருக்குத் தெரிந்த முகம் ஒன்றே ஒன்று: தினமும் ஆறரை மணிக்கு இரண்டு பன் வாங்குகிற பென்ஷன்காரர். காலாற நடக்கலாம் என்று மருத்துவர் சொன்னதால் வந்தாராம்.

தொடக்க உரை ஆற்ற நடைத்துறையின் துணை இயக்குநர் காரில் வந்தார். காரிலிருந்து இறங்கி மேடைக்கு ஏழெட்டு அடி. அதற்கும் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள்.

"அன்பர்களே," என்றார் அவர், "ஒரு நகரத்தை அறிய அதன் தெருக்களில் நடக்கவேண்டும். நான் இதை என் அறையிலிருந்து பதினான்கு மாதம் ஆராய்ந்து கண்டுபிடித்தேன். ஒரு நகரத்தின் ஆன்மா அதன் உணவில் இருக்கிறது. ஆகவேதான் இந்த நடையில் உணவை யாரும் தொடக்கூடாது என்று விதி செய்திருக்கிறோம். தொட்டால் குறையும், குறைந்தால் அடுத்த குழுவுக்கு ஆன்மா எங்கே இருக்கும்? சிலர் கேட்கிறார்கள், உணவு நடை என்கிறீர்கள், சாப்பிட வேண்டாமா என்று. சாப்பிடுவது யாராலும் முடியும். சாப்பிடாமல் ரசிப்பதற்குத்தான் ஒரு துறை தேவைப்படுகிறது."

எல்லோரும் கைதட்டினார்கள். ரொட்டிக்காரரும் தட்டினார். உள்ளங்கையிலிருந்து கொஞ்சம் மாவு பறந்தது. துணை இயக்குநர் தேர்வு நேரத்தில் சந்திப்பதாகச் சொல்லி, நடையைத் தொடங்கி வைத்துவிட்டு, காரில் ஏறிப் போய்விட்டார்.

வழிகாட்டி ஒல்லியான இளைஞர். கையில் மஞ்சள் கொடி, கழுத்தில் ஒலிபெருக்கி, பையில் அச்சடித்த உரை. அந்த உரையில் இருப்பதைத் தவிர ஒரு மூச்சுகூட அதிகமாக விடக்கூடாது என்பது அவருக்குக் கட்டளை.

முதல் நிறுத்தம் சூப்புக் கடை. பெரிய பாத்திரம், மூடி போட்டு, மூடிமேல் அரக்கு முத்திரை. "இதற்குள் சூப் இருக்கிறது" என்று வாசித்தார் வழிகாட்டி. "அது சூடாக இருக்கிறது. அதில் மிளகு இருப்பதாக நம்பப்படுகிறது."

ஒரு வெளியூர் அம்மாள் கையைத் தூக்கினாள். "தம்பி, ஒரு வாய் குடிச்சுப் பாக்கலாமா?"

வழிகாட்டி உரையில் தேடினார். "அது நுகர்வு மேடம். நாம பண்றது பாராட்டு."

"நான் குடிச்சுட்டுப் பாராட்டுறேனே."

"வரிசை மாறிடும் மேடம்."

சூப்புக் கடைக்காரர் பாத்திரத்துக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றார். மூடியைத் திறக்கும் அதிகாரி விடுமுறையில் போய் மூன்று நாளாகிறது, உள்ளே சூப் என்ன நிலையில் இருக்கிறதோ அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம் என்று ரொட்டிக்காரர் காதில் மட்டும் சொன்னார். சூடாக இருக்கிறது என்று உரையில் இருக்கிறதே, அது பொய்யாச்சே என்று ரொட்டிக்காரருக்கு நாக்கு நுனி வரை வந்தது. மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

இரண்டாவது நிறுத்தம் தேநீர்க் கடை. அதை நடத்துபவர் ரொட்டிக்காரரின் மச்சான், மனைவிக்குத் தம்பி. உயரத்திலிருந்து தேநீரை ஆற்றுகிற அவருடைய கையைக் கலையாக அறிவித்திருந்தது துறை. ஆனால் தேநீர் தெறித்து ஒரு பார்வையாளரின் சட்டை கறைபட்டதிலிருந்து, தேநீர் இல்லாமல் ஆற்றச் சொல்லிவிட்டார்கள். மச்சான் இரண்டு காலி டம்ளர்களை மேலும் கீழும் பிடித்து, முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு, காற்றை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"கவனியுங்கள்," என்றார் வழிகாட்டி, "ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை."

கூட்டம் வியந்தது. மச்சான் உதட்டை அசைக்காமல் பேசினார். "மச்சான், காலையிலேர்ந்து முந்நூறு டீ ஆத்திட்டேன். ஒருத்தனுக்கும் குடிக்கக் கொடுக்கல."

"நிறுத்தித் தொலைக்கிறதுதானே?"

"நுரை வரலைன்னு நேத்து மெமோ குடுத்திருக்காங்க. அதான் வேகமா ஆத்துறேன். ஆமா, இன்னைலேர்ந்து அடுத்தது உங்க கடைதான், தெரியுமில்ல? வாயைத் திறந்துடாதீங்க. அக்கா என்னையும் சேத்துத் திட்டும்."

ரொட்டிக்காரருக்குப் பகீர் என்றது. தன் கடை இந்த நடையில் இருப்பது அவருக்குத் தெரியாது. இரண்டு வாரத்துக்கு முன்பு யாரோ நான்கு பேர் வந்து பக்கச் சுவரை அளந்துவிட்டுப் போனது இப்போது நினைவுக்கு வந்தது. சாக்கடை வேலைக்காக்கும் என்று இருந்துவிட்டார்.

வளைந்த தெருவுக்குள் திரும்பியதும் கடை தெரிந்தது. காலையில் அவர் கிளம்பிய பிறகு பக்கச் சுவருக்குக் கயிறு கட்டி, ஒரு விளக்கும் போட்டிருந்தார்கள். அந்தச் சுவரில் அடுப்பின் புகைக்குழாய்க்கு மேலே, பத்தொன்பது வருடப் புகை ஒரு பெரிய கரும் கறையாகப் படிந்திருந்தது. மேலே அகலம், கீழே குறுகல், இடது பக்கம் ஒரு வால். மழைக்காலத்தில் குழாய் ஒழுகியதால் வந்த வால் அது.

"மூன்றாவது நிறுத்தம், கலை," என்று வழிகாட்டி குரலை இறக்கினார். "பெயர் தெரியாத ஒரு மேதையின் சுவரோவியம். மேலே விரிவது மனித ஆசை. கீழே குறுகுவது அவனுடைய வாய்ப்பு. இந்த வால் போன்ற கோடு எதைக் குறிக்கிறது என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு."

குழாய் ஒழுகல் என்ற மூன்றாவது கட்சி ரொட்டிக்காரரின் தொண்டையில் எழுந்து நின்றது. அவர் இருமினார். கடை வாசலில் மனைவி நின்றிருந்தாள், முழங்கை வரை மாவு. அவள் பார்த்த பார்வையில் இருமல் அப்படியே அடங்கிவிட்டது.

"போன வாரம் ஒரு அறியாமை கொண்ட பெண்மணி இந்த ஓவியத்தைத் துடைப்பத்தால் கழுவ முயன்றார்," என்று வாசித்தார் வழிகாட்டி. "துடைப்பம் பறிமுதல் செய்யப்பட்டது."

"புதுத் துடைப்பம்," என்றாள் அந்த அறியாமை கொண்ட பெண்மணி வாசலில் இருந்து.

கூட்டம் நான்கு அடி நகர்ந்தது. அது நான்காவது நிறுத்தம்: ரொட்டி. சரியாக அந்த நேரத்தில் அடுப்பிலிருந்து ஒரு தட்டு வெளியே வந்தது. வாசனை தெருவுக்கு வந்து பதினோரு பேரையும் ஒவ்வொருவராகத் தொட்டுவிட்டுப் போனது. வெளியூர் அம்மாளின் வயிறு எல்லோருக்கும் கேட்கும்படி உறுமியது. வழிகாட்டி அதைப் 'பார்வையாளர் பங்கேற்பு: ஒன்று' என்று குறித்துக்கொண்டு, எல்லோருக்கும் ஒவ்வொரு அட்டை கொடுத்தார். அட்டையில் ஒரு ரொட்டியின் படம் இருந்தது.

"இந்தக் கடை முந்நூறு ஆண்டுகளாக இயங்குகிறது," என்று தொடங்கினார். ரொட்டிக்காரர் கையைப் பிசைந்தார். மாவு இல்லாத கையைப் பிசைவது அவருக்கு அதுதான் முதல் தடவை. "இங்கே ஒரு பெரிய ரொட்டிக் கலைஞர் வாழ்ந்தார். அவர் கைபட்ட ரொட்டி மேகம் போல இருக்குமாம். வருத்தம் என்னவென்றால், அந்தப் பரம்பரையின் கடைசி ரொட்டிக்காரர் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் காலமானார். அவருடைய வாழ்க்கைத் துணைவியார் இன்னும் அவர் நினைவாக அடுப்பை அணைக்காமல் காத்து வருகிறார். அன்னாருக்காக இரண்டு நிமிடம் மௌனம் காப்போம்."

எல்லோரும் தலைகுனிந்தார்கள். ரொட்டிக்காரருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். பிறகு, எல்லோரும் குனிந்து நிற்கும்போது தான் மட்டும் நிமிர்ந்து நிற்பது மரியாதை இல்லையே என்று அவரும் குனிந்தார். இறந்து போனவர் தானேதான் என்று புரிய முதல் நிமிடம் முழுவதும் தேவைப்பட்டது. இரண்டாவது நிமிடத்தில், அநியாயத்துக்கு அவருக்குக் கொஞ்சம் அழுகை வந்தது. பாவம், உழைத்தே போனான் மனுஷன் என்று தோன்றியது.

பக்கத்தில் பென்ஷன்காரர் மூக்கை உறிஞ்சினார். "தங்கமான ஆளு," என்று கிசுகிசுத்தார். "கூட ஒரு பன் கேட்டா முகம் சுளிக்க மாட்டாரு."

"நேத்துக்கூட ஒண்ணு சேத்துப் போட்டேனே, தாத்தா."

"ஸ்ஸ். மௌனம்."

மௌனம் முடிந்ததும் வழிகாட்டி வாசலுக்குப் போய் மனைவியிடம் துறையின் சார்பில் அனுதாபம் தெரிவித்தார். அவள் ஒரு கணம் கணவனைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்த்தாள். "என்ன செய்யறது தம்பி," என்றாள். "போனவங்க போயிட்டாங்க. ரொட்டி கருகுது, நான் உள்ள போறேன்."

நடை பத்தரை மணிக்கு முடிந்தது. வாய்மொழித் தேர்வு மாலை மூன்று மணிக்கு, துணை இயக்குநரின் அறையில். ரொட்டிக்காரரின் முறை வந்தபோது மணி நாலே கால். துணை இயக்குநர் மேசையில் ஒரு பெரிய தட்டில் ரொட்டியும் வெண்ணெயும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். காலையில் மனைவி சுட்ட ரொட்டி அது. கத்திக் கீறலைப் பார்த்தே ரொட்டிக்காரர் அடையாளம் கண்டுகொண்டார்; அவள் எப்போதும் கொஞ்சம் ஆழமாகக் கீறிவிடுவாள்.

"ஆய்வுக்கு," என்றார் துணை இயக்குநர், வாயில் ஆய்வோடு. "சொல்லுங்க. சூப் எப்படி இருந்தது?"

"சூடா இருந்துச்சு சார்."

"ஓவியத்தை வரைந்தது யார்?"

"பெயர் தெரியாத மேதை சார்."

"கடை எத்தனை வருஷமா இருக்கு?"

"பத்தொன்" என்று ஆரம்பித்தவர், பல்லைக் கடித்து, "முந்நூறு சார்" என்று முடித்தார். நெற்றியில் வியர்வை. உண்மை பேசும்போது அவருக்கு ஒருநாளும் இப்படி வியர்த்ததில்லை.

"கடைசிக் கேள்வி. அந்த ரொட்டிக்காரர் இப்போ எங்கே?"

ரொட்டிக்காரர் மேசைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் பார்த்தார். நகக்கண்ணில் மாவு. மணிக்கட்டில் போன மாதம் அடுப்பு சுட்ட தழும்பு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து மணிக்கு உரிமம் போகும், காலையில் அடுப்புக்குச் சீல் விழும்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? அவரு உயிரோட இருந்தா என்ன சார் தப்பு?"

துணை இயக்குநர் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு பரிவு வந்தது.

"நல்ல கேள்வி. என் துறைக்குள்ளேயே யாரும் கேக்காத கேள்வி. பாருங்க, உயிரோட இருக்கிற ஆளை வெச்சுப் பாரம்பரியம் நடத்த முடியாது. அவன் நாளைக்கு அளவை மாத்துவான். சுவருக்கு வெள்ளை அடிப்பான். காய்ச்சல்னு கடையை மூடுவான். முக்கியமா, மனு கொடுப்பான். செத்தவன் அப்படியில்ல. நாம என்ன சொன்னாலும் ஒத்துக்குவான். எங்க துறையோட இதுவரைக்கும் முழுமையா ஒத்துழைச்சவங்க எல்லாருமே காலமானவங்கதான். சரி, பதில் சொல்லுங்க."

"இறந்துட்டாருங்க சார்."

"எப்போ?"

"இன்னைக்குக் காலையில. பத்து மணி இருக்கும்."

"தப்பு. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி. அரை மார்க் குறைக்கிறேன். ஆனா பாஸ்." முத்திரை விழுந்தது.

ரொட்டிக்காரர் சான்றைத் தூக்கிக்கொண்டு உரிம அலுவலகத்துக்கு ஓடினார். நாலு நாற்பது. கவுன்டர்க்காரர் சான்றை வாங்கினார், பதிவேட்டைத் திறந்தார், பெயரைத் தேடினார், தேடிய விரல் ஒரு இடத்தில் நின்றது.

"ஒரு சின்னச் சிக்கல். நீங்க இறந்துட்டதா நடைத்துறையிலேர்ந்து குறிப்பு வந்திருக்கு. இறந்தவங்களுக்கு உரிமம் புதுப்பிக்க முடியாது."

"நான்தான் உங்க எதிர்ல நிக்கிறேனே!"

"நிக்கிறீங்க, நான் இல்லைன்னு சொல்லல. ஆனா உயிரோட இருக்கிறதுக்குத் தனி விண்ணப்பம். ஆறு மாசம் ஆகும். அதோட, நீங்க இறந்ததா நீங்களே இன்னைக்குத் தேர்வில சொல்லியிருக்கீங்க. பாஸ் வேற பண்ணியிருக்கீங்க."

ரொட்டிக்காரர் கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பத்தொன்பது வருடம் நேற்றைய ரொட்டியை நேற்றைய ரொட்டி என்றே சொன்னவர் ஒரே ஒரு நாள் பொய் சொன்னார், அந்தப் பொய் அவரையே விழுங்கிவிட்டது. கவுன்டர்க்காரர் கெட்டவரல்ல. குரலைத் தாழ்த்தினார்.

"வாரிசு யாராவது இருக்காங்களா? நடைத்துறைக் கடைன்னா வாரிசுக்கு அஞ்சு நிமிஷத்துல தரலாம். சிறப்பு ஆணை இருக்கு."

மச்சானின் தேநீர்க் கடைக்குத் தொலைபேசி போனது. ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது மனைவி வந்தாள், மாவு அப்பிய உடுப்போடு, மூச்சு வாங்க. கவுன்டர்க்காரர் எழுந்து நின்று அனுதாபம் சொல்லிவிட்டுப் படிவத்தை நீட்டினார். மனைவியின் வயது நாற்பத்தொன்று. கணவர் இறந்து ஐம்பது வருடம். இரண்டும் அடுத்தடுத்த கட்டங்களில் எழுதப்பட்டன. படிவம் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

உரிமத்தில் முத்திரை விழுந்தபோது கடிகாரம் ஐந்து அடித்தது.

இருவரும் வெளியே வந்து படிக்கட்டில் நின்றார்கள். மனைவி உரிமத்தை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ரொட்டி போடத் தெரியுமா?" என்றாள்.

"என்னடி இது கேள்வி?"

"கடைக்கு ஒரு ஆள் தேவைப்படுது. காலையில நாலு மணிக்கு வந்துடணும். மேசைக்கும் அடுப்புக்கும் நடுவுல நான்தான் நிப்பேன். நேத்து ரொட்டியை நேத்து ரொட்டின்னு சொல்லக்கூடாது."

"அதை மட்டும் என்னால முடியாது."

அவள் யோசித்தாள். "சரி, அதை மட்டும் சொல்லிக்கோங்க. ஆனா நடைக்காரங்க வர்ற நாள்ல பின்பக்கம் போய் நின்னுக்கணும். செத்தவரு குறுக்க வந்தா நல்லாயிருக்காது."

ரொட்டிக்காரர் தலையாட்டினார். வேலை கிடைத்த சந்தோஷத்தோடு முதலாளியம்மாவுக்குப் பின்னால் ஓரடி தள்ளி வீட்டுக்கு நடந்தார்.

இவ்வளவும் சொன்ன பிறகு இதையும் சொல்லிவிடுவதுதான் முறை: வழிகாட்டிக்குச் செருப்பு வாங்கும் கோப்பு இன்னும் கையெழுத்தாகாததால், நடைத்துறை இதுவரை ஒரு நடைகூட நடத்தியதில்லை.